வெயில் இலவசம், மின்சாரம் அப்படியல்ல

சூரியத் தகடுகளின் விலை சரிந்துவிட்டது. ரூ 78,000 வரை மானியமும் உண்டு. ஆனால் மொட்டை மாடியில் போட்ட பணம் எப்போது திரும்பும் என்பது தகடுகளின் கையில் இல்லை, மின் கட்டண அட்டவணையின் கையில் இருக்கிறது.

பெயரிலேயே இலவசம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த திட்டத்துக்கு ‘பிரதம மந்திரி சூர்ய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா’ என்று பெயர். ‘முஃப்த்’ என்றால் சும்மா கிடைப்பது. மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம், ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று எல்லாமே பெரிய எண்கள். ஆனால் இந்த இலவசம் வேண்டுமென்று நினைக்கும் குடும்பம் முதலில் ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய்க்கு வழி பார்க்க வேண்டும். மானியம் வரும். தகடுகளைப் பொருத்தி, மீட்டரை மாற்றி, மின் நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு வரும்.

இருந்தாலும் மக்கள் போடுகிறார்கள். 2025 மார்ச் மாதத்துக்குள் பத்து லட்சம் வீடுகளின் கூரையில் தகடுகள் ஏறிவிட்டன. குஜராத், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், கேரளம் ஆகியவை முன்வரிசையில். இதற்கு முந்தைய முயற்சியோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். 2022க்குள் கூரைகளில் 40,000 மெகாவாட் என்று மத்திய அரசு ஒரு காலத்தில் குறி வைத்தது. அந்த ஆண்டு வந்து போனபோது அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. அப்போதும் வெயில் இதே வெயில்தான். மாறியது கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கிலோவாட் சூரியத் தகடு இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். மாதத்துக்கு 120. சராசரி நடுத்தரக் குடும்பத்துக்கு வியாபாரிகள் சிபாரிசு செய்வது 3 கிலோவாட். அதாவது மாதம் 360 யூனிட். இதற்கு நிழல் விழாத 300 சதுர அடி மொட்டை மாடி வேண்டும். எல்லாம் சேர்த்து விலை, ஊருக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி, இரண்டு லட்சத்தை ஒட்டி வரும்.

மானியத்தைக் கணக்கிட அரசு தன் போக்கில் ஒரு விலை வைத்துக்கொண்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000. முதல் இரண்டில் 60 சதவிகிதமும் மூன்றாவதில் 40 சதவிகிதமும் மானியம். அப்படித்தான் 78,000 என்ற எண் வருகிறது. நான்காவது கிலோவாட்டிலிருந்து ஒரு பைசாவும் கிடையாது. பத்து கிலோவாட் போடுகிற பங்களாக்காரருக்கும் அதே 78,000தான். இந்த விஷயத்தில் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

நடைமுறையில் கடையில் கேட்கும் விலை அரசின் விலையைவிட அதிகம். ஒரு காரணம், மானியம் வேண்டுமானால் தகடும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இறக்குமதி செல்லை வைத்துச் செய்த தகடு மலிவு. ஆக, அரசு ஒரு கையால் கொடுக்கும் மானியத்தில் ஒரு பகுதி, உள்நாட்டுத் தொழிலுக்கான ஆதரவாக, தகடு செய்யும் கம்பெனிக்குப் போகிறது. வரியில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. 12 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதம். பொருத்தும் வேலையைச் சேவையாகக் கருதி மொத்த விலையில் 30 சதவிகிதத்துக்கு 18 சதவிகித வரி போடுவதால், பில்லில் உண்மையில் விழுவது சுமார் 9 சதவிகிதம். முன்பு இது சுமார் 14.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு வங்கிக் கடன் இருக்கிறது. 3 கிலோவாட் வரை ஈடு கேட்காமல், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவிகிதம் என்ற வட்டியில் கொடுக்க ஏற்பாடு. 2024இல் அது 7 சதவிகிதம். இரண்டு லட்ச ரூபாய் அமைப்புக்குப் பத்து சதவிகிதத்தைக் கையிலிருந்து போட்டு, மானியம் வந்ததும் அதைக் கடனில் கழித்துவிட்டால், மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம். பத்து ஆண்டு தவணை என்றால் மாதம் 1,200 ரூபாய் அளவில். தனியார் வீட்டுக் கடனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சொர்க்கம்.

ஆக, இருபதாயிரம் கையிலிருந்து, மாதம் 1,200 தவணை. பதிலுக்கு 360 யூனிட். இது லாபமா? இங்கேதான் விஷயம் சூரியனை விட்டு மின்சார பில்லுக்குப் போகிறது.

இந்தியாவில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. ஏணி மாதிரி படிகள். கீழ்ப்படியில் இருப்பவருக்கு மலிவு, மேலே போகப் போக ஏறும். சூரியத் தகடு முதலில் வெட்டுவது மேல்படியை. மகாராஷ்டிர மாநில மின் நிறுவனத்தின் 2024-25 கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விநியோகக் கட்டணமும் சேர்த்து முதல் 100 யூனிட்டுக்குச் சுமார் 6 ரூபாய், அடுத்த 200க்குச் சுமார் 11.50, அதற்கு மேல் 500 வரை 15 ரூபாய்க்கும் மேல். மாதம் 400 யூனிட் செலவழிக்கும் ஒரு புனே குடும்பம் 3 கிலோவாட் போட்டால், அந்த 360 யூனிட் ஏணியின் உச்சியிலிருந்து கீழ்வரை அடித்துக்கொண்டு போகும். மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். மானியம் போக அவர்கள் போட்ட ஒன்றேகால் லட்சம் மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். எந்த வங்கி டெபாசிட்டும் இதன் கிட்டே வராது.

இப்போது அதே தெருவில், இரண்டு விளக்கு, ஒரு விசிறி, டிவி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் என்று மாதம் 90 யூனிட்டில் காலம் தள்ளும் வீட்டைப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு கிலோவாட் போதும். ஆனால் அமைப்பு சின்னதாக ஆக ஆக கிலோவாட்டுக்கான விலை கூடும். ஒன்றுக்கு 75,000 ரூபாய் வரை கேட்பார்கள். மானியம் 30,000 போக 45,000. மிச்சமாவது மாதம் ஐநூற்றுச் சொச்சம் ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டுகள். இந்த வீட்டுக்கும் 400 யூனிட் வீட்டுக்கும் மேலே காய்வது ஒரே வெயில்.

டெல்லிக்கு வந்தால் கணக்கு இன்னும் விசித்திரம். தலைநகரில் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழித்தால் 2019 முதல் பில்லே கிடையாது. 201 முதல் 400 வரை பாதி மானியம். 350 யூனிட் செலவழிக்கும் குடும்பத்தின் பில் ஏற்கெனவே மிகக் குறைவு. அவர்கள் எதற்காக இரண்டு லட்சம் போட வேண்டும்? டெல்லி அரசுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2024இல் அறிவித்த சூரிய மின் கொள்கையில், தகடு உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 3 ரூபாய் வீதம் (3 கிலோவாட்டுக்கு மேல் 10 வரை 2 ரூபாய்) ஐந்து ஆண்டுகளுக்குக் கையில் கொடுப்பதாகச் சொன்னது. 2025இல் வந்த புதிய அரசு 3 கிலோவாட்டுக்கு மேலும் 30,000 ரூபாய் சேர்த்தது. இரு மானியங்களும் சேர்ந்து 1,08,000. இலவசத்தால் மங்கிப்போன ஆசையைக் கிளப்ப இன்னொரு இலவசம்.

இந்த முரண்பாடு டெல்லியோடு நிற்கவில்லை. பஞ்சாப் 2022 ஜூலையிலிருந்து மாதம் 300 யூனிட்டை இலவசமாகக் கொடுக்கிறது. கர்நாடகத்தின் ‘கிருஹ ஜோதி’ 2023இலிருந்து 200 யூனிட் வரை. பிகார் 2025 ஆகஸ்டிலிருந்து 125 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் என்பது 2016இலிருந்து. இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சூரிய மின்சாரம் மிச்சப்படுத்திக் கொடுக்க எதுவும் இல்லை. மாநில அரசு கம்பியில் அனுப்பும் இலவசத்தை, மத்திய அரசு கூரையில் தரும் இலவசம் ஜெயிக்க முடியாது. முன்னதற்கு இருபதாயிரம் முன்பணம் தேவையில்லை. ராஜஸ்தான் மட்டும் 2025-26 பட்ஜெட்டில் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது. இலவசத்தை 100 யூனிட்டிலிருந்து 150ஆக உயர்த்தி, அதைக் கூரைத் தகடு வழியாகக் கொடுப்பது என்பது அதன் திட்டம். மானியத்தை ஆண்டுதோறும் அழுவதைவிட ஒரே தடவையாகத் தகட்டில் போட்டுவிடலாம் என்ற யோசனை. இதில் புத்திசாலித்தனம் இருக்கிறது.

பில்லுக்கு வராத செலவுகளும் உண்டு. வியாபாரி தரும் விலைப்பட்டியலில் தகடுகள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சாய்ந்திருக்கும். அதோடு மொட்டை மாடி முடிந்தது. துணி காயப்போடவும், வடாம் பிழியவும், கோடை இரவில் பாய் விரிக்கவும் இடம் வேண்டுமானால் எட்டடி உயரத்துக்கு இரும்புக் கால்கள் நட வேண்டும். அதற்குத் தனி விலை, மானியம் கூடாது. ஒடிசா, ஆந்திரக் கடற்கரைகளில் புயல் காற்றைத் தாங்கும்படி நட வேண்டும் என்பதால் இரும்பு இன்னும் கூடும். கால் நட்ட இடத்தில் தளத்தை ஒழுங்காகப் பூசாவிட்டால் அடுத்த மழைக்குக் கீழே ஒழுகும். அதற்கான செலவு சூரியக் கணக்கில் சேராது, கொத்தனார் கணக்கில் சேரும்.

வட இந்தியத் தூசு இன்னொரு வரி. டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகட்டைக் கழுவாவிட்டால் உற்பத்தி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். விடிகாலையில் கழுவ வேண்டும். சுடும் கண்ணாடியில் உச்சி வெயிலில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. நிழல் அதைவிட மோசம். தகடுகளைத் தொடராக இணைத்திருந்தால் ஒன்றின் மேல் விழும் தண்ணீர்த் தொட்டி நிழல் முழு வரிசையையும் பின்னுக்கு இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று இன்னொரு மாடி எழுப்பினால் வெயிலைக் கேட்டு யாரிடமும் வழக்குப் போட்டுச் சுலபமாக ஜெயிக்க முடியாது. தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு. கடைசி ஆண்டிலும் ஆரம்பத் திறனில் ஏறக்குறைய 80 சதவிகிதம் தரும் என்பார்கள். ஆனால் தகடு தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு உத்தரவாதம் ஐந்திலிருந்து பத்து ஆண்டுதான். 25 ஆண்டில் ஒரு முறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை, அதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முப்பதாயிரம் ரூபாய் அளவில். ‘25 ஆண்டுகள் இலவச மின்சாரம்’ என்ற விளம்பரத்தில் இந்த வரி இருக்காது.

வாங்கிய பிறகே பலருக்குத் தெரியவரும் செய்தி ஒன்று இருக்கிறது. மின்வெட்டு வந்தால் இந்தத் தகடுகளும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விசிறி சுற்றாது. கம்பியில் மின்சாரம் இல்லாதபோது வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து என்பதால் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்கிறது. சரியான ஏற்பாடுதான். ஆனால் மின்வெட்டிலிருந்து தப்பிக்கவே சோலார் போடுகிறோம் என்று நினைக்கும் உத்தரப் பிரதேசச் சிற்றூர்க் குடும்பத்துக்கு இதை யாரும் முதலில் சொல்வதில்லை. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் வேறு வகை இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அங்கே செலவு மறுபடி ஏறத் தொடங்கும்.

பேட்டரி என்பது என்ன என்று பிகாரின் தர்ணாய் கிராமத்துக்குத் தெரியும். ஜெகனாபாத் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் முப்பது ஆண்டுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையத்தை, பேட்டரிகளோடு, நிறுவியது. நாடே திரும்பிப் பார்த்தது. தொடக்க விழாவுக்கு வந்த தலைவர்களிடம் ஊர்க்காரர்கள் ‘அசலி பிஜ்லி’ வேண்டும், அதாவது நிஜ மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. சூரிய மின்சாரத்தில் ஃபிரிட்ஜ் ஓட்டக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. யூனிட் விலையோ பக்கத்து ஊர்க் கம்பி மின்சாரத்தைவிடப் பல மடங்கு. சீக்கிரமே அரசின் கம்பி தர்ணாய்க்கும் வந்தது. ஊர் அதன் பக்கம் சாய்ந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்தன. மாற்றப் பணம் ஒதுக்குவார் இல்லை. சூரிய மின் நிலையம் இருந்த இடம் மாட்டுக் கொட்டகையானது.

தர்ணாயில் செத்தவை பழைய ஈய-அமிலப் பேட்டரிகள். அவை நாலைந்து ஆண்டுக்கு மேல் உழைப்பதில்லை. இப்போது வரும் லித்தியம் பேட்டரிகள் நீண்ட நாள் உழைக்கும், விலையும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. ஆனால் இன்றைய விலையில் ஓர் இரவுக்குப் போதுமான பேட்டரி வைத்தால் மொத்தச் செலவு சுமார் ஒன்றரை மடங்காகும். லாபம் வரும் நாளும் அதே அளவில் தள்ளிப்போகும். அதனால்தான் நாட்டில் பெரும்பாலான வீடுகள் பேட்டரி வைப்பதில்லை. மின் நிறுவனத்தையே பேட்டரியாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. பகலில் மிஞ்சுவதைக் கம்பியில் தள்ளிவிட்டு, இரவில் திருப்பி எடுத்துக்கொள்வது. இரண்டையும் ஒரே மீட்டர் கழித்துப் பார்க்கும். இதன் பெயர் நெட் மீட்டரிங். மொட்டை மாடிச் சூரிய மின்சாரத்தின் மொத்தப் பொருளாதாரமும் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

மின் நிறுவனங்கள் இதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீங்கள் நண்பகலில் கொடுக்கும் யூனிட்டும் இரவு எட்டு மணிக்கு எடுக்கும் யூனிட்டும் மீட்டருக்கு ஒன்றுதான். சந்தையில் அப்படி இல்லை. நாடெங்கும் சூரியப் பண்ணைகள் பெருகியதால் நண்பகலில் மின்சாரச் சந்தையில் விலை படுத்துவிடுகிறது. சூரியன் மறைந்ததும் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏ.சி.யும் ஒரே நேரத்தில் ஓட, விலை துள்ளுகிறது. 2023 ஏப்ரல் முதல் யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பல மாலைகளில் விலை அந்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக, மின் நிறுவனம் மலிவான சரக்கை வாங்கிக்கொண்டு விலை உயர்ந்த சரக்கைச் சரிக்குச் சரி கொடுக்கிறது. கம்பியும் கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் செலவு. முன்பு மேல்படியில் அதிகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த வீடுகளே முதலில் சோலாருக்குப் போகின்றன. அவர்கள் கட்டிய கூடுதல் பணத்தில்தான் கீழ்ப்படி ஏழைக்கு மலிவு மின்சாரம் கிடைத்தது. அந்த இடைவெளியை நிரப்பப்போவது, கூரை இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும், 90 யூனிட் வீட்டுக்காரரும், வரி கட்டுபவர்களும்.

கேரளத்தில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் உயர்ந்த கட்டணம் என்ற ஏற்பாடு இருப்பதால், அங்கே நடுத்தர வர்க்கம் தகடுகளின் மேல் பாய்ந்தது. வளைகுடாப் பணமும் கை கொடுத்தது. மாலை நேரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க மின்வாரியம் வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. 2025இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு, முழு நெட் மீட்டரிங் வசதியை 3 கிலோவாட்டுக்குள் அடக்கப் பார்த்தது. ஏற்கெனவே போட்டவர்களும் போட இருந்தவர்களும் பொருத்தும் கம்பெனிகளும் சேர்ந்து கூச்சல் எழுப்பினார்கள். வரைவு அப்படியே விதியாகவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துவிட்டது.

குஜராத் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. 2019இல் தொடங்கிய ‘சூர்யா-குஜராத்’ திட்டத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சும் யூனிட்டுக்கு 2.25 ரூபாய் மட்டும் கொடுப்பதாகச் சொல்லிவிட்டது. அதனால் தேவைக்கு மேல் தகடு போட்டு வியாபாரம் செய்யும் ஆசை எழவில்லை. விண்ணப்பம், பொருத்துதல், மீட்டர் எல்லாவற்றையும் சுலபமாக்கியது. இன்றும் நாட்டில் முதலிடம் அதற்குத்தான். அதே மாநிலத்தில் மேசானா மாவட்டத்தின் மொதேராவும் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சூரியன் கோயில் உள்ள ஊர் என்பதால் விளம்பரத்துக்கும் வசதி. 2022 அக்டோபரில் நாட்டின் முதல் 24 மணி நேரச் சூரிய மின் கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. 1,300க்கு மேற்பட்ட வீடுகளில் தலா ஒரு கிலோவாட், பக்கத்தில் 6 மெகாவாட் நிலையம், இரவுக்கு 15,000 யூனிட் சேமிக்கும் பேட்டரி. வீட்டுக்காரர்கள் ஒரு பைசா போடவில்லை. செலவான 80 கோடிச் சொச்சத்தை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொண்டன. அழகான ஊர், அழகான படம். நாட்டின் ஆறு லட்சம் கிராமங்களுக்கு இதை விரிக்க யாரிடமும் பணம் இல்லை.

கூரையே இல்லாதவர்கள் என்ன செய்வது? மும்பையின் இருபது மாடிக் கட்டடத்தில் மொட்டை மாடி ஒன்று, குடித்தனங்கள் எண்பது. இவர்களுக்குத் திட்டம் தருவது, லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு போன்றவற்றுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அதனால் சொசைட்டியின் மாதச் சந்தா கொஞ்சம் குறையலாம். வேறெங்கோ ஒரு கூரையில் பங்கு வாங்கி, அதன் யூனிட்டைத் தன் பில்லில் கழித்துக்கொள்ளும் வசதியை டெல்லி உள்ளிட்ட சில இடங்களின் விதிகள் அனுமதிக்கின்றன. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இன்னும் மிகச் சிலரே அந்த வழியில் போயிருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவரோ, வீட்டுக்காரர் போட மாட்டார், இவர் போட்டால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக முடியாது என்ற நிலை.

ஆக, சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவு, இலவச வரம்பைத் தாண்டிய பில் என்று நாலும் சேர்ந்தவருக்கு இன்றைய விலையில் இது நல்ல முதலீடு. அவர் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது தகட்டின் பிராண்டைப் பற்றி மட்டும் இல்லை. கடந்த பன்னிரண்டு மாத பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் படியில் எத்தனை யூனிட் வெட்டப்படும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். மிஞ்சும் யூனிட்டை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாமா, ஆண்டுக் கணக்கு எந்த மாதம் முடிகிறது என்று பார்க்க வேண்டும். மார்ச்சில் முடிந்தால், குளிர்காலத்தில் சேர்த்து வைத்த யூனிட்டுகள் ஏப்ரல், மே ஏ.சி.க்கு உதவாமல் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். நிலைக் கட்டணம் எப்படியும் கட்ட வேண்டும். ‘பூஜ்ய பில்’ என்று வியாபாரி சொல்வதில் அது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மின் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, நடுவில் விதி மாறினால் பழையவருக்கும் பொருந்துமா என்ற ஷரத்து.

அந்த ஷரத்தின் மதிப்பு என்ன என்பதற்குக் கர்நாடகத்தைப் பார்த்தால் போதும். 2013 அக்டோபரில் அந்த மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம், கூரையிலிருந்து வரும் உபரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9.56 ரூபாய் நிர்ணயித்தது. மானியம் வாங்கியவர்களுக்கு 7.20. தகடு விலை இன்றையதைவிடப் பல மடங்காக இருந்த காலம் அது. துணிந்து போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களோடு 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. தகடு விலை விழ விழ, 2016 மே மாதத்தில் புதியவர்களுக்கான விலையை ஆணையம் வெட்டியது. வீட்டு அளவிலான அமைப்புக்கு அதிகபட்சம் 7 ரூபாய்ச் சொச்சம். பிறகு இன்னும் இறங்கியது. இன்று பெங்களூரில் ஒரே தெருவின் இரண்டு மொட்டை மாடிகளில் தகடுகள் இருக்கலாம். பத்தாண்டுக்கு முன் போட்ட, திறன் குறைந்த, மங்கிப்போன தகட்டிலிருந்து போகும் யூனிட்டுக்கு 9.56 ரூபாய், 2030களின் பிற்பகுதி வரை. பக்கத்து வீட்டின் பளபளக்கும் புதுத் தகட்டிலிருந்து அதே கம்பியில் போகும் யூனிட்டுக்கு அதில் பாதிகூடக் கிடையாது.